பட்டினிச் சுரப்பு

உயிர்கள் சுரக்கும் மருந்துப் பொருள்களை ஆராய்வதற்கென்றே அரசு நடத்திவந்த நிலையத்துக்குப் புதிய இயக்குநர் வந்து சேர்ந்தார். வந்ததும் பூஞ்சையம்மாவின் ஆய்வுக்கூடத்தை எட்டிப் பார்த்தார். அது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. கண்ணாடித் தட்டில் பூஞ்சை வளர்த்து, அது கசியவிடும் மஞ்சள் நீரிலிருந்து ஆறாத புண்ணை ஆற்றும் மருந்தைப் பிரித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வந்ததற்காக, அலுவலகம் அவருக்கு மனமுவந்து அளித்த ஒரே பட்டம்.

"இது எப்பம்மா சுரக்கும்?"

"வயிறு நிறைஞ்சிருந்தா சுரக்காது சார். தின்னுட்டுச் சும்மா வளரும். சர்க்கரையைக் குறைச்சாத்தான், பக்கத்துல இருக்கறது பங்குக்கு வந்துடக் கூடாதுன்னு விஷத்தைக் கக்கும். அந்த விஷம்தான் நமக்கு மருந்து."

"ஓகோ! பட்டினி போட்டா உற்பத்தி!"

"பூஞ்சைக்கு, சார்."

அந்தக் கடைசித் திருத்தம் இயக்குநரின் காதில் ஏறவில்லை.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. 'பற்றாக்குறையால் உயிரினங்களின் உற்பத்தித்திறன் பெருகுவது மெய்ப்பிக்கப்பட்டுள்ளபடியாலும், பணியாளர்களும் உயிரினங்களே என்பதாலும்' மின்விசிறிகள் நின்றன. தேநீர் நின்றது. நாற்காலிகள் போனதால் ஊழியர்களும் நின்றார்கள். சம்பளத்தில் பாதி 'பின்னர் வழங்கப்படும்' என்றானது.

சும்மா சொல்லக் கூடாது, அவர்களும் சுரக்கத்தான் செய்தார்கள். கணக்கர் நூலகர்மேல் மொட்டைக் கடிதம் எழுதினார். நூலகர் காவலாளிமேல் எழுதினார். காவலாளி இருவர்மேலும் எழுதினார். இயக்குநருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா? வருஷக்கணக்கா ஒரு வரி எழுதாதவங்கல்லாம் பக்கம் பக்கமா எழுதறாங்க!"

ஆண்டறிக்கையில் அவற்றை 'ஆய்வு வெளியீடுகள்' என்று சேர்த்துக்கொண்டார்.

பூஞ்சையம்மாவுக்கு வீட்டிலும் நிம்மதியில்லை. "தவளை தன் வாயால கெட்ட கதைதான். அந்தாளுக்குப் பாடம் நடத்தச் சொன்னது யாரு?" என்றார் கணவர். பொறுக்கமுடியாமல் பூஞ்சையம்மா மேலிடத்துக்கு மனு எழுதினார். காற்றில்லை, நாற்காலியில்லை, முழுச் சம்பளமில்லை என்றெல்லாம் எழுதிவிட்டு, வயிற்றெரிச்சலில், 'இங்கே பூஞ்சைகூடப் பட்டினிதான்' என்று முடித்தார்.

உயிர்களிடம் கருணை காட்டுவது மேலிடத்தில் புது நாகரிகமாகியிருந்த சமயம். விசாரணைக் குழு பறந்து வந்தது. குழுத் தலைவர் சட்டையில் பச்சை இலைச் சின்னம் குத்தியிருந்தார்.

"எங்கே அந்தப் பட்டினி கிடக்கிற பூஞ்சை?"

"சார், நாங்களும்தான்..."

"வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும். அது வாயில்லா ஜீவனம்மா!"

"அதைப் பட்டினி போட்டாத்தான் சார் மருந்து. புண்ணு ஆறாம ஆஸ்பத்திரியில ஜனங்க காத்துக்கிடக்காங்க."

"இந்த ஈவிரக்கமில்லாத பேச்சைக் குறிச்சுக்கோங்க" என்றார் தலைவர்.

பூஞ்சைக்கு வேளை தவறாமல் சர்க்கரை ஊட்ட உத்தரவாயிற்று. செலவை ஊழியர்களின் மீதிப் பாதிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். உற்பத்தியைப் பெருக்கிய இயக்குநருக்குப் பாராட்டுப் பத்திரம்.

பூஞ்சை பஞ்சு மெத்தைபோல் கொழுத்தது. மஞ்சள் நீர் ஒரு சொட்டு இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர் பதறிப்போய்ப் போன் செய்தார்.

"என்னம்மா, பூஞ்சைக்கு ஏதாவது வியாதியா?"

"வியாதியெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர், சௌக்கியமா இருக்கு" என்றார் பூஞ்சையம்மா. "முழுச் சம்பளம் வாங்கின காலத்துல எங்க ஆபீஸ் இருந்துச்சே, அதே மாதிரி."