டேரன் வீட்டு விலையைக் குறைத்த விதம்

டேரன் பில்ச்சர் தன் சொந்த வீட்டைத் தானே பாழாக்குவது என்று முடிவு செய்தான். அவசரத்தில் அல்ல, தீர யோசித்து.

குராய்டனில் டேரன் மாதிரி அடுக்குமாடி வீடு வாங்கியவர்களுக்குச் சுவர் சொந்தம், வருஷம் சொந்தமில்லை. தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகையில் பதினெட்டு ஓடிவிட்டது. மீதி எண்பதுக்குக் கீழே இறங்கினால், அதை நீட்டித் தரக் கட்டடத்துக்காரர் வாங்கும் தொகை கிடுகிடுவென்று ஏறும். அதற்குள் நீட்டியாக வேண்டும். விலை போட அவர் தரப்பிலிருந்து ஓர் அம்மாள் வெள்ளிக்கிழமை வருகிறார். வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவு மலிவு என்று திங்கட்கிழமை காலை டேரனுக்கு ஞானோதயம் ஆயிற்று.

ஒரே பயம், மனைவி லொரெய்ன். புதுச் சமையலறை கேட்டுப் பன்னிரண்டு வருஷமாக நச்சரிப்பவள். "இருக்கிறதுக்கு என்ன குறைச்சல்?" என்று பன்னிரண்டு வருஷமாகத் தட்டிக் கழிப்பவன் இவன்.

"லொரெய்ன், வெள்ளிக்கிழமைக்குள்ள சமையலறையைக் கொஞ்சம் கெடுத்து வைக்கணும்."

"எவ்வளவு?"

"அலமாரிக் கதவு ரெண்டைக் கழட்டலாம்னு..."

"ரெண்டா? ரிப்பேருக்குப் போயிருக்குன்னு நினைப்பாங்க. செய்யறதுன்னா ஒழுங்கா செய், டேரன்."

"உனக்கு வருத்தமில்லையே?"

"இருக்கத்தான் இருக்கு. என்ன பண்றது, குடும்பத்துக்காகத்தானே."

டேரன், இப்படி ஒருத்தியை இத்தனை நாள் தவறாக நினைத்துவிட்டோமே என்று உண்மையிலேயே வெட்கப்பட்டான்.

செவ்வாய்க்கிழமை கதவுகள் போயின. புதன்கிழமை டைல்ஸ். அவள் டீ போட்டுக் கொடுத்தாள், சுத்தியலைத் தேடிக் கொடுத்தாள், விட்டுப்போன மூலையைக் காட்டிக் கொடுத்தாள்.

"சிங்க் இருக்கட்டுமா?"

"சிங்க் இருந்தா குடித்தனம் நடக்கற வீடு மாதிரி இருக்கும்."

"கழட்டினதையெல்லாம் படுக்கையறையில அடுக்கி வைக்கறேன். அப்புறம் மாட்டிக்கலாம்."

"அந்த அம்மா படுக்கையறையும் பார்ப்பாங்க. குட்டு உடைஞ்சிடும். குப்பைக் கிடங்குல போட்டுட்டு வந்துடு."

காரில் நான்கு நடை அடித்தான்.

வெள்ளிக்கிழமை திருமதி பெவன் வந்தார். எல்லா அறைகளையும் அளந்தார். சமையலறையில் சுவரிலிருந்து குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றார்.

"எப்பவுமே இப்படித்தாங்க" என்றான் டேரன், முகத்தைத் தொங்கப்போட்டு.

"பாவம். ஆனா இது கணக்குல வராது, மிஸ்டர் பில்ச்சர். நீங்க செலவு பண்ணி அழகாக்கினாலும் நாங்க விலையை ஏத்தறதில்ல, கெடுத்து வச்சாலும் குறைக்கறதில்ல. சட்டம் அப்படி. மூணு வாரத்துக்கு முன்னாடியே உங்க மனைவி போன் பண்ணிக் கேட்டாங்க. விவரமா சொன்னேனே."

நல்ல சமையலறை உள்ள வீட்டுக்கு என்ன விலையோ அதையே எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

டேரன் லொரெய்ன் பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் என்னைத் தடுக்கலையா? இந்த யோசனை எனக்கு வந்தப்பவே..."

"உனக்கு எங்க வந்தது? மூணு வாரமா தினம் சாப்பிடறப்ப உன் காதுல போட்டுக்கிட்டே இருந்தேன். 'அழுக்கு வீட்டுக்கு யாரு அதிக விலை போடுவாங்க'ன்னு. திங்கட்கிழமைதான் உனக்கு உறைச்சுது."

அப்போது வாசல் மணி அடித்தது. இரண்டு ஆட்கள் பெரிய அட்டைப் பெட்டிகளை உள்ளே கொண்டுவந்தார்கள். புதுச் சமையலறை. மூத்தவன் வெறும் சுவரை மேலும் கீழும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான்.

"சுத்தமா கழட்டியிருக்கீங்க, சார். பழசை எடுக்க ஆள் அனுப்பவான்னு ஆர்டர் எடுக்கும்போதே கேட்டோம். 'வேண்டாம், கூலி கேட்காத ஆள் ஒருத்தர் இருக்காரு'ன்னு மேடம் சொல்லிட்டாங்க."