தளபதிக்கு எந்தக் கண் இல்லை?

மனித அறிவு வளர்ந்த இடங்கள் மூன்று: பல்கலைக்கழகம், நூலகம், எங்கள் பல் டாக்டரின் காத்திருப்பு அறை. முதல் இரண்டைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. மூன்றாவதைப் பற்றி எழுதும் பொறுப்பு, அங்கே வாராவாரம் கூடும் 'நாகமுடி விளக்கச் சங்க'த்தின் செயலாளர் என்ற முறையில் என் தலையில் விழுந்திருக்கிறது.

'நாகமுடி' என்பது ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் வரும் மாயாஜாலத் தொடர். ராஜா, சூனியக்காரி, பேசும் நாகம், பேசாத மகாராணி எல்லாம் உண்டு. விவரமில்லாதவர்கள் அதைக் கதைக்காகப் பார்ப்பார்கள். நாங்கள் அப்படியா? ஒரு காட்சியில் இருந்தது அடுத்த காட்சியில் மாறிப்போனால், அது ஏன் மாறியது, அதன் உட்பொருள் என்ன என்று ஆராய்ந்து உலகுக்கு விளக்குவோம். சாதாரண ஜனங்கள் இதைத் 'தப்பு' என்பார்கள். சங்கத்தில் அந்தச் சொல்லுக்குத் தடை. யாராவது உளறிவிட்டால், கூட்டம் முடியும்வரை டாக்டரின் சிகிச்சை நாற்காலியில் வாயைப் பிளந்தபடி படுத்திருக்க வேண்டும்.

எங்கள் ஆராய்ச்சியின் தரத்துக்கு ஓர் உதாரணம். ஒற்றைக்கண் தளபதி கோட்டைக்குள் நுழையும்போது இடது கண்ணில் கறுப்புத் துணி. வெளியே வரும்போது வலது கண்ணில். வேறு சங்கமாக இருந்தால் கலைந்திருக்கும். எங்கள் தலைவர், அதாவது பல் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"ஒரே கண்ணை தினமும் வேலை வாங்கினா அது தாங்குமா? ஷிஃப்ட் போட்டிருக்கார்."

"அப்போ ரெண்டு கண்ணும் தெரியும்னு ஆகுதே, டாக்டர்?" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். அவர் துணைத் தலைவர்.

"தெரியும்னு யார் சொன்னா? தெரியாத கண்ணுக்கும் ஒரு வாய்ப்பு குடுக்கறார். அதுதான்யா தலைமைப் பண்பு!"

கைதட்டலில் வாய் கொப்பளிக்கும் கிண்ணம் அதிர்ந்தது. முந்தின வாரம் புதைக்கப்பட்ட மந்திரி, முடிசூட்டு விருந்தில் பின்வரிசையில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்ததற்கும் அன்றே தீர்வு கிடைத்தது. "அது மந்திரியோட நகல்" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். இந்த மாதிரி விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

இப்போது என் மனைவிக்கு வருகிறேன். 'நாகமுடி' படப்பிடிப்பில் 'கன்டின்யூட்டி' பார்ப்பவள் அவள்தான். முந்தின ஷாட்டில் எது எங்கே இருந்ததோ, அது அடுத்த ஷாட்டிலும் அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பது அவள் உத்தியோகம். இப்படி ஒருத்தி வீட்டிலேயே இருக்கும்போது சங்கத்துக்கு எவ்வளவு உதவி என்று நினைப்பீர்கள். இல்லை. உள்ளே இருந்து பார்ப்பவர்களுக்கு உட்பொருள் தெரியாது.

ஒருமுறை போர்க்களத்தில், பிணங்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நின்றது. எதிர்காலத்திலிருந்து வந்த ஒரு தூதுவன் தாகத்தோடு திரும்பிப் போனதன் அடையாளம் அது என்று நான் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அது என் பாட்டில்."

"என்னது?"

"மூடியில நம்ம வீட்டு ரப்பர் பேண்ட் இருக்கு பாருங்க. ரெண்டு செட்டுக்கும் நான் ஒருத்தியே ஓடறேன். எங்கேயோ வச்சிட்டு மறந்துட்டேன். என் தப்புதான்."

"அந்த பாட்டிலைத்தான் நான் ஒரு மாசமா அலமாரியெல்லாம் தேடினேன்."

"அப்போ தெரிஞ்சுபோச்சில்ல? கட்டுரையைக் கிழிச்சிடுங்க."

"அம்மா தாயே, நீ வச்சது பாட்டில். நாங்க பார்த்தது தூதுவன். ரெண்டையும் போட்டுக் குழப்பாதே" என்றேன். கட்டுரைக்கு அந்த ஆண்டின் சிறந்த விளக்கம் என்ற பாராட்டு கிடைத்தது. பாட்டில் கிடைக்கவில்லை.

அவளுக்கோ வேறு கவலை. தயாரிப்பு நிர்வாகி அவளைக் கூப்பிட்டு, "இன்னொரு பாட்டில் தெரிஞ்சா நீங்க வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டாராம். அதனால் நான்காம் பாகம் தொடங்கியதும் ஆளே மாறிப்போனாள். ஒவ்வொரு ஷாட்டையும் போனில் படம் பிடித்தாள். எந்தக் குதிரை, எந்தப் பக்கத் தழும்பு, மகாராணியின் எத்தனையாவது வளையல் என்று தூக்கத்தில்கூட முணுமுணுத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் தட்டைப் பார்த்து, "கரண்டி அந்தப் பக்கம்ல இருந்துச்சு?" என்பாள்.

முதல் வாரம் ஒளிபரப்பானபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கோ உட்கார முடியவில்லை. தளபதியின் இடது கண்ணில் துணி. ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் இடது கண்ணிலேயே துணி. விளம்பரம் முடிந்து வந்தால், அட, அப்போதும் இடது கண்! வெள்ளைக் குதிரையில் போன இளவரசன் அதே வெள்ளைக் குதிரையில் திரும்பி வந்தான். மந்திரி ஒருவர் செத்தார். செத்தவர் செத்தவராகவே இருந்தார்.

"எப்படிங்க இருந்துச்சு?" என்றாள். குரலில் அப்படி ஓர் ஆசை.

"என்னமோ குறையுதே" என்றேன்.

"என்ன குறையுது?"

"ஆழம்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுக்களையில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே பேசின.

சங்கத்தில் நிலைமை அதைவிட மோசம். விளக்க ஒன்றுமில்லாமல் உறுப்பினர்கள் சுவரில் மாட்டியிருந்த பற்களின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர், வெட்கக்கேடு, கதையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் கடைவாய்ப் பல் வேறு விண் விண் என்று தெறித்தது. "கூட்டம் முடியட்டும், பார்க்கலாம்" என்றார் தலைவர். பல மாதமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவசரத் தீர்மானம் நிறைவேறியது. தொலைக்காட்சிக்கு ஒரு கண்டன விண்ணப்பம். எழுதும் பணி செயலாளருக்கு. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எழுதினேன். 'தொடரில் அண்மைக்காலமாகத் தலைதூக்கியுள்ள ஒழுங்கு, ரசிகர்களின் சிந்தனைச் சுதந்திரத்தைப் பறிப்பதாக உள்ளது. இதற்குப் பொறுப்பானவர் மீது தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு...' வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன்.

"இதை அனுப்பப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"சங்கத் தீர்மானம்மா."

"பொறுப்பானவர்னா நான்தாங்க."

"சேச்சே! உன்னை யார் சொன்னா? நாங்க ஒழுங்கைத்தான் சொல்றோம்."

உறுப்பினர்கள் அத்தனை பேரும் கையெழுத்திட்டு விண்ணப்பம் போனது. நிர்வாகி அவளைக் கூப்பிட்டனுப்பினார். "நீங்க ரொம்ப சரியா வேலை பண்றீங்கன்னு புகார் வந்திருக்கு. பார்க்கறவங்க குறைஞ்சுட்டாங்க. இனிமே வர வேண்டாம்" என்றாராம். அவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், இதை அப்படியே சொன்னாள்.

இத்தகைய நேரத்தில்தானே ஒரு விளக்கவாதி கணவனாக வாய்த்ததன் அருமை தெரியும்? "இதை வேலை போச்சுன்னு ஏன் எடுத்துக்கறே?" என்றேன். "இதுவரைக்கும் நீ திரைக்குப் பின்னாடி இருந்தே. இப்போ முன்னாடி வந்துட்டே. எங்களை மாதிரி பார்வையாளர். ஒரு வகையில பதவி உயர்வு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. உள்ளே போய்ப் பெட்டியோடு வெளியே வந்தாள்.

"எங்கே?"

"அக்கா வீட்டுக்கு. அங்கே பக்கத்துல ஒரு சமையல் நிகழ்ச்சிக்கு ஆள் வேணுமாம். நறுக்கின வெங்காயம் நறுக்கினபடியே இருக்கணும்னு நெனைக்கற ஆளுங்க."

"என்ன திடீர்னு?"

"ஒரு ஷாட்ல பொண்டாட்டி இருந்தா, அடுத்த ஷாட்ல காணோம். விளக்கம் நீங்களே எழுதிக்கோங்க."

வாசலில் நின்று போனை எடுத்து அறையை ஒரு படம் பிடித்தாள். சோபா, டிவி, நடுவில் நான்.

"இது எதுக்கு?"

"திரும்பி வர்ற சீன் ஒண்ணு இருந்தா, என்னென்ன மாறியிருக்குன்னு பார்க்கணும்ல? நீங்க மட்டும் மாறியிருந்தா நான் கண்டுக்க மாட்டேன்."

அந்த வாரக் கூட்டத்தில் என் வீட்டு விவகாரமே முதல் பொருள். "அக்கா வீடுன்றது ஒரு குறியீடு" என்றார் தலைவர். "போனது நகல். அசல் வீட்லதான் இருக்காங்க, சரியாப் பாருங்க" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். எல்லாரும் ஆமோதித்தார்கள். வீட்டில் நான் சரியாகத்தான் பார்த்திருந்தேன். ஒருத்தரும் இல்லை.

"இல்ல, டாக்டர். தப்பு என்னோடது" என்றேன்.

தடை செய்த சொல்! எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பிறகு என்னைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் நாற்காலியில் சாய்த்தார்கள். தலைவர் விளக்கைப் போட்டு, "நல்லா அகலமா" என்றார். பஞ்சை வைத்தார். என் வாய்க்கு மேலே விவாதம் தொடர்ந்தது. செயலாளரின் மனைவி எங்கும் போகவில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. வாய் பிளந்திருந்ததால் நான் எதிர்த்ததாகப் பதிவாகவில்லை.

வந்ததற்குத் தலைவர் என் கடைவாயையும் எட்டிப் பார்த்தார். பெரிய குழி. "டாக்டர், அது சொ..." என்று இழுத்தார் யாரோ. தலைவர் கையை உயர்த்தித் தடுத்தார். "அப்படிச் சொல்லக் கூடாது. பல்லுக்கு ஆழம் கூடியிருக்கு." பலத்த கைதட்டல்.

வீட்டுக்கு வந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மனைவிக்குப் போன் செய்தேன். பல்லைப் பற்றிய சங்கத்தின் முடிவை விவரமாகச் சொன்னேன்.

"வலிக்குதா?" என்றாள்.

"ரொம்ப."

"அப்போ அது சொத்தைங்க."

எங்கள் சங்க வரலாற்றில் இவ்வளவு சரியான ஒரு விளக்கத்தை எவரும் சொன்னதில்லை. சொன்னவளைத்தான், ரொம்ப சரியாக இருக்கிறாள் என்று, நாங்கள் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பினோம். அந்த வீட்டிலிருந்தும் அவளை நான் ஒருவனாகவே அனுப்பிவைத்தேன்.