மாப்பிள்ளை கடைக்கு நான் செய்த விளம்பரம்

கெட்ட காரியத்துக்குக் கூடுகிற கூட்டத்தில் கால்வாசிகூட நல்ல காரியத்துக்குக் கூடாது. எல்லோரும் இதைச் சொல்வார்கள். நிரூபித்துக் காட்டியவன் நான். அதுவும் என் சொந்தத் தங்கை கணவரை வைத்து.

நகராண்மைக் கழகத்தின் உரிமப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த விண்ணப்பப் பாரம், எத்தனை பிரதி, எந்த முகப்பில் கொடுப்பது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (கேட்காதவர்களுக்கும் சொல்வேன். அதனால்தான் பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்குமாடிக்காரர்கள் மின்தூக்கியில் என்னைக் கண்டால் படியில் இறங்கிப் போகிறார்கள்.)

தங்கை தனத்தின் கணவர் குணசேகரனுக்குக் கிள்ளானில் ஒரு பாத்திரக் கடை. எவர்சில்வர் குடம், பொங்கல் பானை, சீர்வரிசைத் தட்டு. வாடிக்கையாளர்கள் வருவார்கள், தட்டித் தட்டிப் பார்ப்பார்கள், கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு வீட்டுக்குப் போய் அதையே இணையத்தில் வாங்குவார்கள். கடையின் குத்தகை பொங்கலோடு முடியவிருந்தது. “இருக்கிறீர்களா, காலி செய்கிறீர்களா?” என்று கட்டட உரிமையாளர் ஹாஜியார் கேட்டிருந்தார். “இந்தப் பொங்கல் வியாபாரத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்று மாப்பிள்ளை தவணை வாங்கியிருந்தார். அந்த ஒரு வார வியாபாரத்தில்தான் கடையின் ஆயுள் இருந்தது.

ஆகவே என்னிடம் யோசனை கேட்டார். அது அவருடைய முதல் தவறு.

“பெரிய பேனர் ஒண்ணு கட்டலாமா மச்சான்?”

“அதுக்குத் தனி லைசென்ஸ் வேணும் மாப்பிள்ளை. மலாய் எழுத்து பெருசா இருக்கணும். இப்ப பாரம் போட்டா பொங்கல் முடிஞ்சுதான் கிடைக்கும்.”

“நடைபாதையில பானையை அடுக்கி வெச்சா?”

“அபராதம்.”

“உருமி மேளம்?”

“போலீஸ் பெர்மிட்.”

“எதுக்குத்தான் மச்சான் பெர்மிட் வேணாம் இந்த ஊர்ல? மூச்சு விடவாச்சும் விடுவாங்களா?”

யோசித்துப் பார்த்தேன். புலனக் குழுவுக்கு (வாட்ஸ்அப்பைத்தான் சொல்கிறேன்) எந்த அனுமதியும் வேண்டியதில்லை. ஓய்வுபெற்றோர் சங்கக் குழு, கோயில் குழு, பழைய மாணவர் குழு எல்லாவற்றிலும் நான் இருந்தேன். நான் அனுப்பினால் கிள்ளான் முதல் காஜாங் வரை போய்ச் சேரும்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குழுக்களில் எனக்கு ஒரே ஒரு வேலைதான்: மரண அறிவிப்பு. யார் போனாலும் குடும்பத்தார் எனக்குத்தான் சொல்வார்கள். மற்றவர்கள் அரைகுறையாகப் போடுவார்கள்; நானோ படம், பெயர், வயது, முகவரி, நேரம் எதையும் விடமாட்டேன். விடிகாலையில் என் பெயரைத் திரையில் கண்டாலே யாரோ போய்விட்டார்கள் என்று ஜனங்களுக்குத் தெரியும். இது எனக்கு மட்டும் தெரியவில்லை.

பொங்கலுக்கு முந்திய ஞாயிறு. காலை ஆறு மணிக்கு அனுப்பினேன். நடுவில் மாப்பிள்ளையின் கழுத்துப்பட்டை போட்ட பழைய பாஸ்போர்ட் படம். இருபுறமும் குத்துவிளக்கு. (புதிதாக வடிவமைப்பானேன் என்று கையிருப்பில் இருந்ததையே எடுத்துக் கறுப்புக் கரையைப் பொன்னிறமாக்கினேன்.) கீழே: “திரு. குணசேகரன், வயது 61. கிள்ளான் மக்களுக்கு நீண்ட காலம் சேவையாற்றியவர். இன்று காலை பத்து மணி முதல் கீழ்க்கண்ட முகவரியில். அனைவரும் வருக.” கழிவு விலை விவரம் அதற்கும் கீழே இருந்தது. அவ்வளவு தூரம் யார் படிக்கிறார்கள்?

கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டு நிதானமாகப் பசியாறிவிட்டுக் கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஏறினேன். பாதி வழியில் தங்கையின் அழைப்பு. இருவரும் காஜாங்கில் ஒரு மொத்த வியாபாரியிடம் பானை ஏற்றப் போயிருந்தார்கள்.

“அண்ணே, எங்க வீட்டுக்காரரு எப்ப செத்தாரு?”

“என்ன உளர்ற?”

“நான் உளர்றேனா? எட்டுப் பேரு போன் பண்ணி அழுதுட்டாங்க. இவரு என் பக்கத்துல உக்காந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுட்டு இருக்காரு. எத்தனை மணிக்கு எடுக்குறீங்கன்னு கேக்குறாங்கண்ணே, நான் என்னன்னு சொல்ல?”

குழுவைத் திறந்தேன். ‘ஆழ்ந்த இரங்கல்’ வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது. கூப்பிய கைகள், வாடிய ரோஜாக்கள். திருத்த அறிவிப்பு ஒன்றை முறைப்படி எழுதி அனுப்பினேன். அதற்கும் இரண்டு பேர் இரங்கல் தெரிவித்தார்கள்.

கடைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தெருவே நிறைந்திருந்தது. கடை மூடிக் கிடந்ததால் சந்தேகப்பட்டவர்களுக்கும் உறுதியாகியிருந்தது.

“ஏன் பாடியை கடையில வெச்சிருக்காங்க?” என்றார் ஒருவர்.

“அவருக்கு கடைதானே உசுரு லா” என்றார் இன்னொருவர்.

பத்து நிமிடத்தில் வேன் வந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து மாப்பிள்ளை இறங்கினார். ஓர் அம்மா வீல் என்று கத்தினார். மற்றவர்கள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். “நீங்க எவ்ளோ நல்ல மனுசன்!” என்று கண்ணைத் துடைத்தார்கள். ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்து, வாங்கி வந்த மாலையைப் பூக்கடையில் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக விதிமுறை தெரியாமல் நின்றேன்.

மாப்பிள்ளை கடையைத் திறந்தார். யாரும் உள்ளே போகவில்லை. சாவுக்கு வந்த இடத்தில் பொங்கல் பானை வாங்க யாருக்கு மனம் வரும்? வீல் என்று கத்திய அம்மா மட்டும், பயமுறுத்தியதற்குப் பரிகாரம் போல, ஒரு தேநீர் வடிகட்டி வாங்கிக்கொண்டார்.

கூட்டம் கரைந்தபின் ஹாஜியார் தயங்கித் தயங்கி வந்தார்.

“தம்பி, மன்னிச்சிடுங்க. நீங்க போய்ட்டீங்கன்னாங்க. தங்கச்சி ஒத்தையா கடையை நடத்த முடியாதேன்னு, காலையிலயே ஒரு போன் கடைக்காரருக்கு வாக்குக் கொடுத்துட்டேன். நீங்க இருக்கேன்னா சொல்லுங்க, அவரை வேணாம்னுடறேன்.”

எனக்கு உயிர் வந்தது. “வாய்வழி வாக்கு செல்லாது ஹாஜியார்” என்று தொடங்கினேன். “குத்தகை விதிப்படி முதல்ல இருக்கிறவருக்கு எழுத்து மூலமா...”

“விடுங்க மச்சான்” என்றார் மாப்பிள்ளை. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. களைத்துப்போன குரலில்தான் சொன்னார்:

“காலையிலேர்ந்து கேட்டுட்டேதான் இருக்கேன். நல்ல மனுசன், நல்ல மனுசன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. நல்ல கடைன்னு ஒருத்தர்கூடச் சொல்லல மச்சான்.”

ஹாஜியாரிடம் திரும்பி, “அவருக்கே கொடுத்துடுங்க பாய்” என்றார்.

இப்போது அங்கே கைப்பேசிக் கடை. பெரிய பேனர், வாசலில் ஒலிபெருக்கி, நடைபாதை முழுக்க சாமான். எதற்கும் அனுமதி வாங்கியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. எப்போது போனாலும் கூட்டம். மாப்பிள்ளை தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையின் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறார். அன்றைய நாளைப் பற்றி என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

நான் போன் செய்தால் மட்டும், ஹலோ சொல்லமாட்டார். “உயிரோடதான் இருக்கேன் மச்சான், சொல்லுங்க” என்பார். பின்னால் தனமும் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்கும். நானும் சிரிப்பேன். வியாபாரம் எப்படி என்ற கேள்வி பழக்கதோஷத்தில் வாய்வரை வந்துவிடும். அதை விழுங்கிவிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்பேன்.