மாப்பிள்ளை அனுப்பிய எலெக்ட்ரானிக் இக்னிஷன்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் மாமியார் நலம். எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் உங்கள் அப்பாவின் வலது கண், ஆபரேஷனுக்குப் பிறகு, மிக மிக நலம். நலமில்லாதது நீங்கள் அன்போடு அனுப்பிவைத்த அந்தக் குட்டிப் பெட்டி ஒன்றுதான். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை என்ற மரியாதையில் ஒரு குறையும் வைக்காமல்தான் திட்டப்போகிறேன்.

நம் கார் உங்களைவிட மூத்தது. அதன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பாயிண்ட் என்று இரண்டு உலோகப் பொட்டுகள் உண்டு. அவை தொட்டு விலகும்போதெல்லாம் பிளக்கில் பொறி வரும். பொட்டு கரிந்துபோனால் வண்டி இருமும், நான் இறங்கி உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுப்பேன், கிளம்பிவிடும். இப்படியே நாங்கள் இருவரும் காலம் தள்ளிவந்தோம். அது பொறுக்காமல் நீங்கள், "மாமா, பாயிண்ட்டைத் தூக்கிப் போடுங்க. எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டா பானெட்டைத் தொறக்கவே வேணாம்" என்று போனில் ஆசை காட்டினீர்கள். நான் ஏன் மயங்கினேன் தெரியுமா? உங்கள் கல்யாணத்தன்று உங்கள் அப்பா என் காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, நாலு பேர் கேட்க, "சம்பந்தி, இது உங்களை ஏத்திக்கிட்டு வந்துச்சா, நீங்க இதைத் தள்ளிக்கிட்டு வந்தீங்களா?" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் "ம்", "சரி" என்ற அளவில்தான் பேச்சு. அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போவது என்று ஏற்பாடானதும், வழியில் வண்டி ஒரு தும்மல்கூடத் தும்மக்கூடாது என்று முடிவு செய்தேன். ரோஷம், மாப்பிள்ளை, ரோஷம்!

பெட்டிக்குள் கறுப்பாக ஒரு வில்லை, சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர், ஒரு காந்த வளையம். உங்கள் மாமியார் குறிப்புத் தாளை எழுத்துக் கூட்டிப் படிக்கப் படிக்க, நான் அவர் சொன்னதில் பாதியைக் கேட்டும் மீதியை ஊகித்தும் பொருத்தி முடித்தேன். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் அப்படி ஒரு மெத்தென்ற சத்தத்தில் ஓடியது. பழைய பாயிண்ட்டைக் கைக்குட்டையில் சுற்றி டாஷ்போர்டில் போட்டுவிட்டு, மறுநாள் காலை உங்கள் அப்பாவை ஏற்றிக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்து ஓட்டினேன். டாக்டர் மதியத்தோடு வெளியூர் போகிறவர். அன்று விட்டால் பல வாரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்தக் கண்ணில் இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போய்விடுமோ என்ற கவலை வேறு. பாலத்தை விட்டு இறங்கும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். சக்கரம் அதில் இறங்கி ஏறியது. இருமவில்லை, தும்மவில்லை, வண்டி அப்படியே செத்துப்போய் நாற்சந்தியின் நட்டநடுவில் நின்றது.

பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து, "சார், இங்க நிறுத்தக்கூடாது" என்றார். "எனக்குத் தெரியுங்க. வண்டிக்குத்தான் தெரியல" என்றேன். அவர் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். மறுபக்கம் யார் என்று பார்த்தால், ஆஸ்பத்திரிக்கென்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்த உங்கள் அப்பா! ஒரு வார்த்தை குத்தலாகப் பேசவில்லை. ஓரம் கட்டியதும் நான் உங்கள் வில்லையைப் பிடுங்கிவிட்டுப் பழைய பாயிண்ட்டை மாட்டினேன். ஆனால் அந்தப் பொட்டுகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை அளக்கும் தகடு வீட்டில். உங்கள் அப்பா சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து, "இந்தத் தடிமன் போதுமா பாருங்க" என்றார். கச்சிதம்! ஆனால் பொட்டுகள் முழுசாக விலகி நிற்க இன்ஜின் கொஞ்சம் சுழல வேண்டும். கியரைப் போட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி, "சம்பந்தி, இன்னும் ஒரு அரை அடி தள்ளணும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நடுத்தெருவில் இரண்டு கிழவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அட்டையைத் தூக்கிப் பிடித்து, "என்னங்க இது, பேரே தெரியல, ஒரே கிரீஸு?" என்றார். "அந்த அட்டை இல்லேன்னா நாங்க வந்தே சேந்திருக்க மாட்டோம்மா" என்றார் உங்கள் அப்பா. டாக்டர் கிளம்பும் நேரம். கடைசி ஆளாக உள்ளே அழைத்தார்கள். கதவருகே உங்கள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உண்மையச் சொல்லட்டுமா சம்பந்தி? வண்டி நின்னப்ப எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆபரேஷனுக்குத் தப்பிச்சோம்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் தள்ளுனீங்க?"

"எனக்காக நீங்க அந்தப் பாடு படுறீங்க. நான் பேசாம நின்னா நல்லாவா இருக்கும்?"

அவர் வெளியே வரும்வரை கதவருகே இருந்த பெஞ்சை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் பெட்டியைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறேன். நாளைக்குப் பார்சலில் வரும். நான் இருக்கும்வரை இந்த வண்டியில் பாயிண்ட்தான் ஓடும். இது என் முடிவு, உங்கள் அப்பாவின் முடிவு, இந்த வீட்டின் முடிவு. உங்கள் இருவருக்கும் நோய்நொடியில்லாத நாட்களும், நின்ற இடத்தில் கிளம்பும் வண்டிகளும் வாய்க்கட்டும்.

அன்புள்ள,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் கார் கிளம்பும் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், கண்ணில் பச்சைத் துணியோடு உங்கள் அப்பா பானெட்டை மூடுகிறார். பார்சலைப் பிரித்து, உங்கள் மாமியார் குறிப்புத் தாளை முழுசாகப் படிக்க, இருவருமாக உங்கள் பெட்டியை மறுபடியும் பொருத்திவிட்டார்களாம். "அந்த வளையம் சரியா உக்காரல சம்பந்தி. ஒரு தட்டுத் தட்டினேன், அவ்ளோதான்" என்றார். ஆகவே பார்சல் வராது. மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் மாமியாரிடம் லைசென்ஸ் இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது. உங்கள் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "சும்மா ஒரு ரவுண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி எங்கேயும் நிற்கவில்லை போலிருக்கிறது. இன்னும் திரும்பி வரவில்லை. இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டிவரை நடந்து போய்த்தான் போட வேண்டும்.