வெளியே வளைந்த வால்வு

அன்று காலை ஸ்பிரிங்வெளி இறக்கத்தில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். என் பைக்கில் நான், பின் சீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் போகிற என் மகள் கவிதா, பின்னால் தன் பைக்கில் வந்த வால்வு மாஸ்டர், தோட்டத்துப் பெரட்டுக்கு ஆள் எண்ண நடந்துகொண்டிருந்த ஒரு கங்காணி. வேறு யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் பத்து மணிக்குள் பதுளை முழுக்கத் தெரிந்துவிட்டது.

மோட்டார் சைக்கிள் கம்பெனிகளை வால்வு மாஸ்டரைப் போல வெறுத்த மனிதர் இலங்கையில் இன்னும் பிறக்கவில்லை. பதுளையில் டயருக்குக் காற்று அடிக்கும் கடை வைத்திருந்தார். பின் சக்கரத்து வால்வு, கம்பிகளுக்கும் பிரேக் டிரம்முக்கும் நடுவில் கடன்காரனைக் கண்டவன் மாதிரி ஒளிந்திருக்கும். காற்றுக் குழாயின் வாய் அதில் சரியாக உட்காராது. கையை வளைத்து நுழைத்தால் சைலன்சர் சுடும். மாஸ்டரின் வலது கையில் அப்படிப் பதினொரு தழும்புகள். எது எந்த வண்டி சுட்டது என்று தொட்டுத் தொட்டுச் சொல்வார்.

"செய்றவனுக்குக் கையே இல்லையா தம்பி? காத்து அடிக்கிறவனும் மனுசன்தானே?"

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பயப்படுவதில் மட்டும்தான் மேற்படிப்பு. சந்திக்குச் சந்தி இறங்கி டயரை அமுக்கிப் பார்ப்பேன். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் மாஸ்டரிடம் மூன்று முறை போனேன். மூன்றாம் முறை சைலன்சர் அவருக்குப் பன்னிரண்டாவது தழும்பைக் கொடுத்தது.

"போதும்! இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டுறேன்" என்று கத்தினார்.

பழைய ஃபிரிட்ஜ் ஒன்றின் செப்புக் குழாயை வெட்டி, வளைத்து, என் வால்வின் தலையில் பூட்டி வெளியே இழுத்தார். ஆடாமல் இருக்க, குழாயைச் சக்கரக் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். பிறகு முதுகு வளையாமல், கை சுடாமல், நின்றபடியே காற்று அடித்தார். அடித்து முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"கழண்டுறாதுங்களா மாஸ்டர்? விடிஞ்சா புள்ளைக்குச் சோதனை."

"நானே வர்றேன் தம்பி. பின்னாலயே வந்து, எப்படிச் சுத்துதுன்னு பாக்கணும்."

சொன்னபடி வந்தார். முதல் வளைவில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வளைவில் பிரேக்கை அழுத்தினேன். டயர் ரிம்மின் மேல் ஒரு விரல் அளவு நகர்ந்தது. கூடவே உள்ளே இருந்த டியூபும் நகர்ந்தது. கம்பியில் கட்டின குழாய் நகரவில்லை. வால்வு கழுத்தோடு பிய்ந்தது. புஸ்ஸென்று ஒரு பெருமூச்சோடு வண்டி உட்கார்ந்தது.

கங்காணி குனிந்து பார்த்தார். "பரவால்ல மாஸ்டர், காத்து வெளிய போறதுக்கு நல்ல வசதி செஞ்சிருக்கீங்க."

நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். எட்டரைக்குப் பரீட்சை. ஒரு டியூபால் என் மகளுக்கும் என் படிப்புதானா? தலையில் வைத்த கையை எடுத்தபோதுதான் மாஸ்டரின் பைக் கண்ணில் பட்டது. அதில் செப்புக் குழாய் இல்லை.

"ஒங்க வண்டிக்குப் பூட்டலியா?"

"மொதல்ல ஒங்க வண்டியில பாத்துட்டு அப்புறமா பூட்டலாம்னுதான் தம்பி..."

நான் வாயைத் திறந்தேன். கவிதா முந்திக்கொண்டாள். "அப்பா, சாயந்தரமா திட்டிக்கலாம். மாமா, வண்டிய எடுங்க!"

இருவரும் போய்விட்டார்கள். வழியெல்லாம் அழாத குறையாக வண்டியைத் தள்ளிக்கொண்டு நான் பதுளைக்கு வந்து சேர்ந்தபோது, மாஸ்டர் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றார். அன்று கடையைத் திறக்கவில்லை.

"நேரத்துக்கு உள்ள போயிட்டா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பிய்ந்த வால்வைக் குனிந்து தடவிவிட்டு, "கம்பியில கட்டியிருக்கக் கூடாது தம்பி" என்றார்.

கவிதா பாஸ். மாஸ்டர் அதற்குப் பிறகும் குழாய் வளைப்பதை விடவில்லை. யாரும் வண்டியைத்தான் கொடுக்கவில்லை.

போன வாரம் பதுளை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு புத்தம்புதிய பைக் நின்றது. பின் சக்கரத்தைப் பார்த்தேன். வால்வு, கம்பெனியிலேயே செய்தது, பக்கவாட்டில் அழகாக வெளியே வளைந்திருந்தது. குந்தி உட்கார்ந்து தொட்டுப் பார்த்தேன்.

"என்ன அண்ணே, காத்தப் புடுங்குறீங்களா?" என்று வண்டிக்காரப் பையன் அதட்டினான்.

"இல்ல தம்பி, சும்மா" என்று எழுந்து, மாஸ்டரிடம் சொல்ல வேகமாக நடந்தேன். பாதி வழியில்தான், அவர் போன தை மாதமே இறந்துபோனது நினைவுக்கு வந்தது.