அம்மாவின் பெட்டியில் அசல்

“இது ஜெராக்ஸ். அசல் எங்க?” என்றார் சட்டக் கல்லூரிச் சேர்க்கைப் பிரிவில் இருந்த அம்மாள்.

ஜெராக்ஸ்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஊர்ச் சான்றிதழ்களையெல்லாம் நகலெடுத்துப் பிழைக்கிறவர் அவர். தன் பட்டத்துக்கும் எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுத்துத் தருவார். அசல் ஒன்றுதான் கைவசம் இல்லை.

“நுழைவுத் தேர்வு பாஸ் பண்ணிட்டேம்மா. இன்டர்வியூவும் முடிஞ்சு சீட்டு கிடைச்சாச்சு.”

“சேர்க்கை முடியறதுக்குள்ள அசல் வரலைன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும் சார். அடுத்த வருஷம் உங்களுக்கு வயசு வரம்பும் தாண்டிடுது.”

அசல் அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தது. பெட்டி அம்மாவின் அறையில் இருந்தது. அறைக்குக் கோர்ட்டு சீல் வைத்திருந்தது. அம்மா கண்ணை மூடிய கையோடு, அந்த அறை யாருக்கு என்று அவரும் அண்ணனும் கோர்ட்டு ஏறியதன் பலன் அது. ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் குடியிருந்துகொண்டு வருஷக்கணக்காக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

வக்கீல் வாய்தா மேல் வாய்தா வாங்கியதில் வெறுத்துப்போய், நம் கேஸை நாமே வாதாடி முடித்துவிடலாம் என்றுதான் இந்த வயதில் சட்டம் படிக்கக் கிளம்பினார். இப்போது பார்த்தால், கேஸ் முடியாமல் அறை திறக்காது, அறை திறக்காமல் சட்டம் படிக்க முடியாது.

மனைவி ஒரு யோசனை சொன்னாள். “தொலைஞ்சுபோச்சுன்னு போலீஸ்ல எழுதிக் குடுங்க. டூப்ளிகேட் தருவாங்களாம்.”

“எங்க தொலைச்சீங்க?” என்று கேட்டார் ஏட்டு.

ஜெராக்ஸ்காரருக்குப் பொய் சட்டென்று வராது. “எங்கம்மா ரூம்ல.”

“அப்ப போய் எடுத்துக்க வேண்டியதுதானே?”

“கோர்ட்டு சீல் வச்சிருக்கு சார்.”

ஏட்டு பேனாவை மூடினார். “கோர்ட்டு காவல்ல இருக்கிற பொருள் தொலைஞ்சுபோச்சுன்னு நான் எழுதணுமா? இருக்கிற கேஸ் பத்தலையா உங்களுக்கு?”

வேறு வழியில்லாமல் வக்கீலிடமே போனார்.

“திறக்கச் சொல்லி மனு போடலாம்,” என்றார் வக்கீல். “ஆனா உங்கண்ணன் விடமாட்டார். போன வருஷம் அவர் திறக்கச் சொல்லிக் கேட்டப்ப நாம விட்டோமா?”

“எதுக்குத் திறக்கச் சொன்னாராம்?”

“யாருக்குத் தெரியும்? எதைக் கேட்டாலும் ஆட்சேபிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. நான் மனுவைப் படிக்கிறதே இல்ல. படிச்சா இரக்கம் வந்துடும்.”

மனு போட்டார்கள். கோர்ட்டில் அண்ணன் எழுந்து, “எனக்கு ஆட்சேபணை இல்லைங்கய்யா, திறக்கட்டும்,” என்றார்.

ஜெராக்ஸ்காரர் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார்.

“இவ்வளவு லேசா சரிங்கிறாரே, இதுல ஏதோ உள்குத்து இருக்கு,” என்று காதைக் கடித்தார் வக்கீல். “வாபஸ் வாங்கிடுவோம்.”

வாங்கிவிட்டார்கள்.

“அவர் சரின்னு சொன்னாரு, நீங்க வேணாம்னுட்டு வந்திருக்கீங்க,” என்றாள் மனைவி.

மறுநாள் கடைக்கு ஒரு பெண் தன் பட்டத்தை நகலெடுக்க வந்தாள். அதை மெஷினில் கவிழ்த்து வைத்தவர் பொத்தானை அழுத்த மறந்து நின்றார். இந்தச் சட்டப் படிப்பு ஒன்றாவது உருப்படியாக நடக்கும் என்று நம்பியிருந்தார். கடையைப் பாதியில் சாத்திவிட்டு மறுபடி மனு போட ஓடினார். நீதிபதி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, இரண்டு தரப்பும் கூட இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு உத்தரவு போட்டார்.

சேர்க்கையின் கடைசி நாள் காலையில் கோர்ட்டு அமீனா வந்து சீலை உடைத்தார். உள்ளே அம்மாவின் கட்டில் தூசி படிந்து கிடந்தது. ஜன்னல் விளிம்பில் அவளுடைய மூக்குக் கண்ணாடி. அம்மாவைத் தூக்க இரண்டு பேரும் சேர்ந்து குனிந்தது இந்த அறையில்தான். அதற்கப்புறம் இன்றைக்குத்தான் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்.

அமீனா பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து பட்டத்தை எடுத்துக் கொடுத்தார். ஜெராக்ஸ்காரர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல்லூரி மூட இன்னும் நேரமிருந்தது. வாசலுக்கு வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் பெட்டியிலிருந்து தன் பட்டத்தை எடுத்து, தூசியைச் சட்டையில் துடைத்து, மறுபடி உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“ஏண்ணே திரும்ப வைக்கிறே?” வருஷங்கள் கழித்து அந்த ‘அண்ணே’ தன்னால் வந்துவிட்டது.

“இனி எதுக்குடா? எனக்கு வயசு தாண்டிருச்சு.”

“எதுக்கு வயசு?”

அண்ணன் பெட்டியை மூடினார். பூட்டைத் தேடிக்கொண்டிருந்த அமீனாதான் நிமிர்ந்து சொன்னார்:

“அவரும் போன வருஷம் அதே சட்டக் காலேஜ்ல சீட்டு வாங்கினவர்தானே சார். இந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி மனு போட்டாரு, நீங்க ஆட்சேபிச்சுட்டீங்க.”