கொழுந்து பறித்த காட்சிக்கு நான் சொன்ன விமர்சனம்

ஒரு படம் எடுக்க முந்நூறு பேர் வேண்டும். அதைக் கிழித்துத் தொங்கவிட ஒரு சோபாவும் ஒரு ரிமோட்டும் போதும். என்னிடம் இரண்டும் இருந்தன. குன்னூரில் மழை பிடித்துக்கொண்டால் வெளியே தலைகாட்ட முடியாது. படுத்தபடியே படங்களையும் சீரியல்களையும் பார்த்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தீர்ப்பு எழுதுவேன். பதினோரு பேர் படிப்பார்கள். (அதில் இரண்டு பேர் என் சித்திகள்.) என் தீர்ப்புக்குப் பயந்துதான் இயக்குநர்கள் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

இந்தத் திமிரோடுதான் சேரம்பாடிக்குப் பெண் பார்க்கப் போனேன். அதற்கு முன் மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. கவிதாவின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து, இது அமைந்தால் போதும் என்று எனக்கு ஒரே தவிப்பு. "போற எடத்துல வாயை வெச்சுட்டுச் சும்மா இரு சாமி" என்று பஸ்ஸில் அப்பா இரண்டு முறை சொன்னார்.

கவிதாவின் அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். பட்டுச் சேலையில் வந்து வரவேற்றார். "பஜ்ஜி வேகற வரைக்கும் படம் பாருங்க தம்பி" என்று டிவியில் ஒரு படத்தைப் போட்டு, சத்தத்தையும் கூட்டிவைத்தார். தேயிலைக் காட்டில் கதாநாயகி பாடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், நெற்றிவரை துண்டு கட்டி, மேலே சாக்கைப் போர்த்திய ஒரு பெண், இலைகளைத் தடவித் தடவிப் பறித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? போதாக்குறைக்கு நான் டீ ஃபேக்டரி கிளார்க். (ஒரு இலைகூடப் பறித்தது கிடையாது. எடை எழுதியிருக்கிறேன்.)

"ஏனுங்க, பின்னால நிக்கற இந்தம்மாவைப் பாருங்க. இலையைத் தடவிட்டே நிக்குது, பறிக்கவே தெரியலை. இதுல கேமராவைப் பார்த்து இளிப்பு வேற. பஸ் ஸ்டாண்டுல நின்னவங்களைப் புடிச்சுட்டு வந்துட்டாங்களாட்ட இருக்குதுங்க."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"அது நானுங்க தம்பி" என்றார் கவிதாவின் அம்மா. "இருவத்திரண்டு வருசமாப் பறிக்கறேன். வேகமாப் பறிச்சா கை தெரியலைன்னு அந்த டைரக்டர்தான் மெதுவாப் பறிக்கச் சொன்னாருங்க. சிரிக்கச் சொன்னதும் அவருதான்."

பஜ்ஜி வரவில்லை. அப்பா எழுந்து செருப்பைத் தேடினார். நாலாவது இடத்தையும் நானே கெடுத்துக்கொண்டேன் என்று அழுகை முட்டியது.

அப்போது உள்ளேயிருந்து கவிதா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"ஏம்மா, என்னைப் பார்க்க வர்றவங்களுக்கெல்லாம் இதைத்தானே போட்டுக் காட்டறே? அத்தனை பேரும் பிரமாதம்னு பொய் சொல்லிட்டு, பஜ்ஜியைத் தின்னுட்டுப் போனாங்க. இவரு ஒருத்தருதான் நெசத்தைச் சொல்லியிருக்காரு. எனக்குச் சம்மதம்."

கல்யாணம் நடந்தது. மாமியார் என்னை மன்னித்துவிட்டதாகக் கவிதா சொல்கிறாள். (மாமியார் சொல்லவில்லை.) இப்போதெல்லாம் அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் ஓடுவது எங்கள் கல்யாண வீடியோ. நான் தாலி கட்டும் இடத்தில் மாமியார் சரியாக நிறுத்துவார்.

"மாப்பிள்ளை மூஞ்சில ஒண்ணுமே வரலை பாருங்க. பக்கத்துல உக்காந்திருக்கற ஐயரு நல்லாப் பண்ணியிருக்காரு."